மொட்டை மாடிக்கு வரும் விண்வெளிப் படங்கள்

மாலை ஆறே முக்கால் மணி. வடக்குப்பட்டில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் நீங்கள் நிற்பதாக வைத்துக்கொள்வோம். ஒரகடம் பக்கம் தொழிற்சாலை விளக்குகள் எரியத் தொடங்கிவிட்டன. ஷிப்டு முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. உங்கள் முன்னே ஒரு கணிப்பொறி. அதில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி செருகப்பட்டிருக்கிறது. அந்தக் கருவியிலிருந்து ஒரு கம்பி, துணி காயப்போடும் கொடிக்கம்பத்தில் கட்டியிருக்கும் இரண்டு அலுமினியக் குச்சிகளுக்குப் போகிறது. ஒலிபெருக்கியில் பாட்டு இல்லை, செய்தி இல்லை. வாணலியில் மணல் வறுப்பது போல ஓர் இரைச்சல், அவ்வளவுதான்.

திடீரென்று இரைச்சல் அடங்குகிறது. முதலில் ஒரு விசில். அதைத் தொடர்ந்து, ஏறியும் இறங்கியும் நடுங்கியும் ஒரு விநோதமான கீச்சொலி, இடையிடையே 'டிக்' 'டிக்' என்ற தாளத்தோடு. பக்கத்தில் வைத்த செல்போனின் திரையில், மேலிருந்து கீழாக, ஒரு வண்ணப் படம் மெல்ல மெல்ல இறங்கி வருகிறது. இரண்டு நிமிடத்தில் படம் முழுமை அடைகிறது. ஒலி நின்றுவிடுகிறது. மீண்டும் மணல் வறுக்கும் இரைச்சல்.

அந்தக் கீச்சொலி எங்கிருந்து வந்தது தெரியுமா? தரையிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், வினாடிக்கு 7½ கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கும் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து! நடுவில் டி.வி. நிலையம் இல்லை, செல்போன் கோபுரம் இல்லை, இன்டர்நெட்டும் இல்லை. விண்வெளி நிலையத்தின் ஏரியலுக்கும் உங்கள் கொடிக்கம்பத்துக் குச்சிகளுக்கும் இடையே இருந்தது வெறும் ஆகாயம்.

இதற்குப் பெரிய ஆராய்ச்சிக்கூடம் தேவையில்லையா என்று கேட்பீர்கள். தேவையில்லை. இது ஹாம்களின் பொழுதுபோக்கு. அமெச்சூர் வானொலியாளர்களைத்தான் உலகம் முழுவதும் 'ஹாம்' என்று அழைக்கிறார்கள். சம்பளத்துக்காக அல்லாமல், வானொலி அலைகள் மேல் உள்ள ஆசையால் கருவி செய்து, ஒருவரோடு ஒருவர் பேசிப் பழகுகிறவர்கள் இவர்கள். பேசுவதோடு நிற்காமல் படங்களையும் அனுப்புகிறார்கள். 1983 டிசம்பரில் கொலம்பியா விண்கலத்திலிருந்து ஓவன் காரியட் என்ற விண்வெளி வீரர் ஒரு கைக்கருவியைக் கொண்டு பூமியில் உள்ள ஹாம்களோடு பேசினார். ஜோர்டான் நாட்டு மன்னர் ஹுசேனும் அவரோடு பேசியவர்களில் ஒருவர். மன்னரும் ஒரு ஹாம்தான்! 1985இல் சாலஞ்சர் விண்கலத்தில் பறந்த டோனி இங்கிலாந்து ஒரு படி மேலே போய், விண்வெளிக்கும் பூமிக்கும் இடையே படங்களையே பரிமாறிக்கொண்டார். 2000 நவம்பர் முதல் விண்வெளி நிலையத்திலும் ஹாம் வானொலி இருக்கிறது. 2025 ஜூலையில் நம் நாட்டு சுபான்ஷு சுக்லா அங்கிருந்து பெங்களூரிலும் ஷில்லாங்கிலும் கூடியிருந்த மாணவர்களோடு பேசியதும் இந்த ஹாம் வானொலி மூலம்தான்.

படம் எப்படிப் பாட்டாகிறது?

படத்தைக் கண்ணால் பார்க்கிறோம், ஒலியைக் காதால் கேட்கிறோம். ஒன்று எப்படி மற்றொன்றாக மாறும்?

வடக்குப்பட்டிலிருந்து காஞ்சிபுரம் அதிக தூரமில்லை. அங்கே தறியில் பட்டுச்சேலை நெய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? நாடா இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஒரு தடவை ஓடினால் ஓர் ஊடை இழை. இழைமேல் இழையாகச் சேர்ந்து, முந்தானையில் மயில் உருவாகிறது. ஒரே ஓர் இழையை மட்டும் உருவிப் பார்த்தால் அதில் மயில் தெரியாது. எங்கே என்ன நிறம் என்பது மட்டுமே தெரியும்.

படத்தையும் அப்படியே இழை இழையாகப் பிரிக்கிறார்கள். விண்வெளி நிலையம் பெரும்பாலும் பயன்படுத்தும் முறைக்கு 'பி.டி. 120' என்று பெயர். அதில் ஒரு படத்துக்கு 496 வரிகள், ஒரு வரிக்கு 640 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சத்தையும் ஓர் ஒலியாக மாற்றுகிறார்கள். புள்ளி கறுப்பாக இருந்தால் வினாடிக்கு 1500 அதிர்வுள்ள தாழ்ந்த ஒலி. வெள்ளையாக இருந்தால் 2300 அதிர்வுள்ள உயர்ந்த ஒலி. சாம்பல் நிறம் என்றால் இரண்டுக்கும் நடுவே. நிறத்தையும் இதே முறையில், தனியாகச் சொல்லி அனுப்புகிறார்கள். நாடா திரும்பும் இடத்தில் நெசவாளி பலகையை அடிப்பது போல, இங்கே 1200 அதிர்வில் ஒரு சின்ன 'டிக்'. 'இந்த இழை முடிந்தது, அடுத்ததைத் தொடங்கு' என்று அதற்குப் பொருள்.

ஆகவே நீங்கள் கேட்ட கீச்சொலி வெறும் ஒலி அல்ல. படத்தை இடமிருந்து வலமாக வாசித்துக் காட்டும் குரல். பழகிய ஹாம்கள் சிலர், படத்தைப் பார்ப்பதற்கு முன்பே, "இதில் மேல்பாதி வெளிச்சம் அதிகம்" என்று காதால் கேட்டே சொல்லிவிடுவார்கள்.

ஒரு படத்துக்கு ஏன் இரண்டு நிமிடம்? டி.வி.யில் ஒரு வினாடிக்கு 25 படங்கள் ஓடுகின்றனவே! அங்கேதான் சூட்சுமம். டி.வி. படத்துக்கு அகலமான ராஜபாட்டை வேண்டும். ஹாம்களுக்குக் கிடைத்திருப்பதோ ஒரு மனிதக் குரல் போகும் அளவுக்கான ஒற்றையடிப் பாதை. படத்தையும் அந்தப் பாதையில் நடத்திக்கொண்டு போக வேண்டுமானால் மெதுவாகத்தான் போக வேண்டும். இதனால் இதற்கு 'மெதுவருடல் தொலைக்காட்சி' என்று பெயர். 1957இல் அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த காப்தார்ன் மக்டொனால்டு என்ற மாணவர் உருவாக்கிய முறை இது. அவர் செய்த முதல் கருவியில் ஒரு படத்துக்கு 120 வரிகள், எட்டு வினாடி நேரம். யுத்தத்துக்குப் பின் மலிவாகக் கிடைத்த ராடார் திரைகளைத்தான் ஹாம்கள் இதற்குப் பயன்படுத்தினார்கள். அந்தத் திரையில் விழுந்த வெளிச்சம் உடனே மறையாமல் சில வினாடி மினுக்கிக்கொண்டிருக்கும். அறையை இருட்டாக்கி, கடைசி வரி வருவதற்குள் முதல் வரி மங்கிவிடுமே என்ற பதைப்போடு பார்க்க வேண்டும்!

படம் ஒலியாக வரும் என்பதைத் தெரிந்து வைத்திருந்தவர்கள் ஒரு முறை உலகத்தையே வியக்க வைத்தார்கள். 1966 பிப்ரவரி 3ஆம் தேதி, சோவியத் நாட்டின் லூனா-9 நிலவில் மெதுவாக இறங்கியது. அதற்கு முன் எந்தக் கலமும் அப்படி இறங்கியதில்லை. இங்கிலாந்தின் ஜோட்ரல் பேங்க் வானாய்வுக்கூடத்தில் பெர்னார்டு லவலும் அவருடைய குழுவினரும் அதன் சமிக்ஞையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த ஒலி எங்கேயோ கேட்டது போல இருக்கிறதே! ஆம், பத்திரிகை அலுவலகங்களில் வெளியூர்ப் புகைப்படங்களைத் தொலைபேசி வழியாக வாங்கும் கருவி எழுப்பும் அதே ஒலி! உடனே 'டெய்லி எக்ஸ்பிரஸ்' பத்திரிகையிடமிருந்து ஒரு கருவியை இரவல் வாங்கி வந்து மாட்டினார்கள். நிலவின் தரை படமாக வந்து விழுந்தது. படத்தை அனுப்பிய நாடு அதை வெளியிடுவதற்கு முன்பே லண்டன் பத்திரிகையில் படம் வந்துவிட்டது. அகலத்தின் அளவு மட்டும் சரியாகப் பிடிபடாததால் நிலவுக் கற்கள் உண்மையில் இருப்பதைவிடச் செங்குத்தாகத் தெரிந்தன. அவசரத்தில் அது நேர்ந்துவிட்டது, போகட்டும்.

ஏரியல் செய்வோம்

இனி நம் மாடிக்கு வருவோம். விண்வெளி நிலையம் படம் அனுப்பும் அலைவரிசை 145.800 மெகாஹெர்ட்ஸ். வீட்டிலுள்ள எஃப்.எம். வானொலி 108 மெகாஹெர்ட்சோடு நின்றுவிடும் என்பதால் அது உதவாது. ஆரம்பத்தில் சொன்ன தீப்பெட்டி அளவுக் கருவி எது? கணிப்பொறியில் டி.வி. பார்ப்பதற்காகச் செய்யப்பட்ட ஒரு மலிவான பொருள். அதன் உள்ளே இருக்கும் சில்லு, டி.வி. மட்டுமல்லாமல் எந்த அலையையும் எண்களாக மாற்றிக் கணிப்பொறிக்குத் தந்துவிடும் என்று பொழுதுபோக்காளர்கள் 2012 வாக்கில் கண்டுபிடித்தார்கள். அன்று முதல் அது உலகெங்கும் மாணவர்களின் வானொலிப் பெட்டியாகிவிட்டது. 'ஆர்.டி.எல். டாங்கிள்' என்று கேட்டால் கிடைக்கும். ஒருவரே வாங்குவதைவிடப் பள்ளி அறிவியல் மன்றத்துக்கு ஒன்று வாங்குவது நல்லது. இது கேட்க மட்டுமே வல்லது, அனுப்ப வல்லதல்ல. நமக்கும் அதுதான் வேண்டும்.

ஏரியலை நாமே செய்யலாம். எவ்வளவு நீளம்? கணக்குப் போடுங்கள். ஒளியும் வானொலி அலையும் வினாடிக்கு 30 கோடி மீட்டர் ஓடுகின்றன. நம் அலை வினாடிக்கு 14.58 கோடி தடவை அதிர்கிறது. வகுத்தால் ஓர் அலையின் நீளம் 2.06 மீட்டர். அதில் கால் பங்கு சுமார் 51 சென்டிமீட்டர். உலோகத்தில் அலையின் ஓட்டம் சற்றே வேறுபடுவதாலும் குச்சியின் பருமனாலும் ஏறக்குறைய ஐந்து சதவீதம் குறைத்துக்கொள்ள வேண்டும். 49 சென்டிமீட்டர் வருகிறது அல்லவா? அந்த நீளத்தில் இரண்டு அலுமினியக் குச்சிகள். பழைய டி.வி. ஆன்டெனாவின் குழாய்களே போதும். இரண்டையும் ஒரு பிளாஸ்டிக் துண்டில், ஒன்றை ஒன்று தொடாமல், 120 டிகிரி கோணத்தில் விரித்துப் பொருத்துங்கள். கேபிள் டி.வி. கம்பியின் நடு இழையை ஒரு குச்சியோடும், வெளிவலையை மற்றக் குச்சியோடும் இணையுங்கள். இந்த 'வி' எழுத்தைப் படுக்கை வசமாக, தலைக்கு மேல் உயரத்தில் கட்டினால் வேலை முடிந்தது. நிமிர்த்தி வைத்தால் அடிவானத்தையே அதிகம் கேட்கும். படுக்க வைத்தால் வானத்தைக் கேட்கும். நமக்கு வேண்டியது வானம்.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. மின்கம்பி செல்லும் இடத்துக்கு அருகே ஏரியலை உயர்த்தவே கூடாது. தொழிற்சாலைகளுக்குப் போகும் உயர் அழுத்தக் கம்பிகள் குறுக்கும் நெடுக்கும் ஓடும் பகுதி இது. இடி மின்னல் வரும் அறிகுறி தெரிந்தால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் கீழே இறங்கிவிடுங்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியில் இருட்டில் வானத்தைப் பார்த்துக்கொண்டு நடப்பதும் வேண்டாம்.

எப்போது கேட்பது? விண்வெளி நிலையம் 92, 93 நிமிடத்துக்கு ஒரு தடவை பூமியைச் சுற்றினாலும், நம் ஊர் வானத்தில் ஒரு நாளில் சில தடவைதான் தென்படும். டெல்லிக்கு மேல் பறக்கும்போதே நம் வடக்கு அடிவானத்துக்குச் சற்று மேலே வந்துவிடும். தலைக்கு மேலாகப் போனால் பத்து நிமிடம் வரை ஒலி கேட்கும். எந்த நாள், எந்த நிமிடம், எந்தத் திசை என்பதைக் கணித்துச் சொல்லும் செயலிகள் செல்போனில் உண்டு. ஆனால் எல்லா நாளும் படம் வராது. விண்வெளி நிலைய ஹாம் அமைப்பான 'அரிஸ்' ஆண்டுக்குச் சில தடவை, முன்கூட்டியே அறிவித்துவிட்டு, சில நாட்கள் தொடர்ந்து படங்களை அனுப்பும். அறிவிப்புக்காகக் காத்திருக்க வேண்டும். அந்த நாட்களிலும் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே கருவி சூடாறுவதற்காக ஏறத்தாழ இரண்டு நிமிட ஓய்வு. பத்து நிமிடத்தில் எத்தனை படம் கிடைக்கும் என்று நீங்களே கணக்கிடுங்கள். இரண்டு, அதிர்ஷ்டம் இருந்தால் மூன்று.

நிலையம் நம்மை நோக்கி வரும்போது அலைவரிசை சற்று உயர்ந்து தெரியும். விலகிப் போகும்போது தாழ்ந்து தெரியும். ஸ்டேஷனில் நிற்காமல் ஓடும் ரயிலின் ஊதல் நம்மைக் கடந்ததும் தணிகிறதே, அதே டாப்ளர் விளைவு. 145.8 மெகாஹெர்ட்சில் இந்த மாற்றம் மேலும் கீழும் சுமார் 3½ கிலோஹெர்ட்ஸ். ஆகவே தொடக்கத்தில் 145.8035இலும், தலைக்கு மேல் வரும்போது 145.800இலும், போகும்போது 145.7965இலும் வைப்பது உத்தமம். வைக்க மறந்தாலும் படம் அடியோடு கெடாது. இது எஃப்.எம். முறையானபடியால் அலைவரிசை சற்று நகர்ந்தாலும் உள்ளே இருக்கும் கீச்சொலியின் சுருதி மாறுவதில்லை. கறுப்பு கறுப்பாகவே வரும்.

இன்னொரு விஷயம். பல வானொலிகளில் இரைச்சலை அடக்குவதற்கு 'ஸ்குவெல்ச்' என்று ஒரு திருகு இருக்கும். அதைத் திறந்தே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் சமிக்ஞை மெலியும் நேரமெல்லாம் வானொலி வாயை மூடிக்கொள்ளும். இதை எழுதுபவன் முதல் முறை செய்த தவறு இதுதான். படத்தில் பாதி வரை எழுத்து, மீதி கறுப்பு. அந்தப் படம் மீண்டும் வரும் என்று காத்திருந்த அடுத்த நாள் மேகம் இடித்தது. அதற்கடுத்த நாள் நிகழ்ச்சியே முடிந்துவிட்டது.

ஊரின் இரைச்சல்

வடக்குப்பட்டை இந்தக் கட்டுரைக்குத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. 2022இல் இந்தியத் தொல்லியல் துறை தோண்டிப் பார்த்தபோது கற்காலக் கருவிகள் கிடைத்த ஊர் இது. அதே ஊரைச் சுற்றி இன்று கார் தொழிற்சாலைகளும் லாரி தொழிற்சாலைகளும் மின்னணுத் தொழிற்சாலைகளும். பழைய மண்ணின் மேல் புதிய இரைச்சல். நான் சொல்வது காதுக்குக் கேட்கும் இரைச்சலை அல்ல. ஏரியலுக்குக் கேட்கும் இரைச்சலை.

வெல்டிங் பொறி, மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி, இன்சுலேட்டர் தளர்ந்து பொறி விடும் மின்கம்பம் எல்லாமே சிறிய வானொலி நிலையங்கள்தான். யாரும் கேட்காத நிகழ்ச்சியை இரவு பகலாக ஒலிபரப்புகின்றன! விண்வெளி நிலையத்துக் கருவியின் திறனோ, நம் வீட்டு 40 வாட் டியூப் லைட்டுக்கும் குறைவு. அது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வந்து சேரும்போது எவ்வளவு மெலிந்திருக்கும்! திருவிழாக் கூட்டத்தில் எதிர்த் தெருவிலிருந்து ஒருவர் ரகசியம் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

ஆனால் எல்லாப் பழியையும் தொழிற்சாலைகள் மேல் போட்டுவிடாதீர்கள். ஒரு சோதனை செய்து பாருங்கள். மடிக்கணினியை அதன் பேட்டரியிலேயே ஓடவிட்டு, டாங்கிளில் வரும் இரைச்சலின் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பெரியவர்களைக் கொண்டு வீட்டின் மெயின் சுவிட்சை இரண்டு நிமிடம் அணைத்துவிட்டு மீண்டும் பாருங்கள். பல வீடுகளில் இரைச்சல் சட்டென்று இறங்கும். குற்றவாளி உள்ளேயே இருக்கிறான்! மலிவான எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். அடுத்து, ஏரியலைத் தூக்கிக்கொண்டு ஊரில் நான்கு இடங்களுக்குப் போய்ப் பாருங்கள்: மாடி, பள்ளி மைதானம், மின்கம்பி இல்லாத ஏரிக்கரை, நெடுஞ்சாலை ஓரம். எங்கே இரைச்சல் குறைவு என்று ஒரு வரைபடம் போடுங்கள். உங்கள் ஊருக்கு அப்படி ஒரு வரைபடத்தை இதுவரை யாரும் போட்டிருக்க மாட்டார்கள்.

டிக்-டாக் ஓய்ந்த ஆண்டு

விண்வெளிப் படம் என்றாலே பல ஆண்டுகளாக மாணவர்கள் முதலில் பிடித்தது வானிலைத் துணைக்கோள் படங்களைத்தான். 1963 டிசம்பரில் அமெரிக்கா ஏவிய டைராஸ்-8இல் தொடங்கிய ஏற்பாடு அது. மேகங்களைப் படம் எடுத்து, எடுத்த கையோடு, கீழே யார் இருந்தாலும் பிடித்துக்கொள்ளட்டும் என்று ஒலியாகக் கொட்டிக்கொண்டே போகும். கட்டணம் இல்லை, பூட்டு இல்லை. எந்த நாட்டு வானிலை அலுவலகமும் எந்தப் பள்ளிக்கூடமும் பிடிக்கலாம்.

கடைசியாக அப்படி வேலை செய்தவை நோவா-15, நோவா-18, நோவா-19 என்ற மூன்று. 137 மெகாஹெர்ட்ஸ் பக்கம் அவை பாடின. வினாடிக்கு இரண்டு வரி. சுவர்க்கடிகாரம் போல 'டிக்-டாக், டிக்-டாக்' என்று கேட்கும். இமயமலையிலிருந்து இலங்கைக்குத் தெற்கே உள்ள கடல் வரை ஒரே படத்தில் வரும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வங்காள விரிகுடாவில் திரண்டு சுழலும் மேகத்தைத் தன் கையால் செய்த ஏரியலில் பிடித்துப் பார்த்த மாணவனுக்கு, 'புயல்' என்பது அதன் பிறகு வெறும் செய்தி அல்ல.

2025 ஜூனில் நோவா-18 நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் நோவா-19உம், சில நாட்களில் நோவா-15உம் ஓய்ந்தன. நோவா-15 ஏவப்பட்டது 1998 மே மாதம். 27 ஆண்டு உழைப்பு! இன்று அந்த அலைவரிசைகளில் எவ்வளவு கவனமாகக் கேட்டாலும் டிக்-டாக் கேட்காது. பழைய புத்தகத்தையோ வீடியோவையோ பார்த்து ஏரியல் செய்துவிட்டு, 'எனக்கு மட்டும் வரவில்லையே' என்று வருந்தாதீர்கள். தவறு உங்களுடையதல்ல.

அப்படியானால் மேகப் படம் இனி இல்லையா? இருக்கிறது, ஆனால் மொழி மாறிவிட்டது. ரஷ்யா 2023 ஜூனிலும் 2024 பிப்ரவரியிலும் ஏவிய மெட்டியோர் எம். 2-3, 2-4 ஆகிய துணைக்கோள்களும் 137 மெகாஹெர்ட்ஸ் பகுதியில்தான் படம் அனுப்புகின்றன. ஆனால் ஏறி இறங்கும் ஒலியாக அல்ல, எண்களாக. காதில் கேட்டால் இரைச்சல் போலவே இருக்கும். இலவசமாகக் கிடைக்கும் 'சாட்டம்ப்' என்ற கணிப்பொறி நிரல் அதைப் படமாக்கும். நோவாவின் படத்தில் ஒரு புள்ளி நான்கு கிலோமீட்டர். இதில் ஒரு கிலோமீட்டர். தெளிவு அதிகம், ஆனால் ஒரு சங்கடம். நோவாவின் சமிக்ஞை மெலிந்தால் படத்தில் மணல் தூவியது போலப் புள்ளிகள் விழும். மேகம் அப்போதும் மங்கலாகத் தெரியும். எண் முறையில் சமிக்ஞை ஓர் அளவுக்குக் கீழே போனால் அந்தப் பகுதி முழுவதும் கறுப்புப் பட்டை. பாதி என்ற பேச்சே இல்லை. என்னைக் கேட்டால், கற்றுக்கொள்பவனுக்குப் பழைய முறைதான் அன்பான ஆசிரியர். அதனால்தான் விண்வெளி நிலையத்தின் கீச்சொலிப் படங்களின் மதிப்பு இப்போது இன்னும் கூடியிருக்கிறது. மெட்டியோருக்கு ஏரியல் செய்ய விரும்பினால் அதே 'வி' வடிவம்தான்; குச்சியின் நீளத்தை மட்டும் 137.9 மெகாஹெர்ட்சுக்குக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். வாய்பாடு உங்களிடம் இருக்கிறது.

நம்மவர்கள் என்ன செய்தார்கள்?

வடக்குப்பட்டிலிருந்து வடக்கே சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தில் ஸ்ரீஹரிகோட்டா. 2005 மே 5ஆம் தேதி அங்கிருந்து ஏறிய ராக்கெட்டில், ஹாம்களுக்காகவே இஸ்ரோ செய்த 'ஹாம்சாட்' என்ற 42½ கிலோ துணைக்கோளும் போயிற்று. ஒன்பது ஆண்டுக்கு மேல், 2014 வரை அது உழைத்தது. 2009 ஏப்ரலில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட். அதன் தரை நிலையம் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் இருந்தது. 2011 அக்டோபரில் காட்டாங்குளத்தூர் மாணவர்களின் எஸ்.ஆர்.எம்.சாட். இரண்டு இடங்களுமே வடக்குப்பட்டிலிருந்து பஸ் ஏறிப் போய்வரக்கூடிய தூரம்தான். படம் அனுப்பும் கருவிக்கு இன்னும் கிட்டத்திய உதாரணமும் உண்டு. 2024 டிசம்பர் 30ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற பி.எஸ்.எல்.வி.-சி60 ராக்கெட்டின் கடைசிக் கட்டத்தில், கர்நாடகத்தில் சிக்கபள்ளாபூரில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரி செய்த 'அர்பித்' என்ற ஹாம் கருவி வைக்கப்பட்டிருந்தது. குரல், எழுத்து, படம் மூன்றையும் எஃப்.எம். முறையில் பூமிக்கு அனுப்புவதற்காகச் செய்யப்பட்டது அது. கல்லூரி மாணவர்கள் அனுப்பலாம் என்றால் பள்ளி மாணவர்கள் பிடிக்கக் கூடாதா?

பிடிக்கலாம், ஆனால் அனுப்புவது வேறு விஷயம். உரிமம் இல்லாமல் ஒலிபரப்புவது சட்டப்படி குற்றம். அனுப்பும் வசதியுள்ள 'வாக்கி-டாக்கி' வகைக் கருவிகளைக் கடையில் மலிவாகப் பார்த்து வாங்கிவிடாதீர்கள். ஒருவர் 145.800இல் தெரியாமல் பொத்தானை அழுத்தினால், சுற்று வட்டாரத்தில் படம் பிடித்துக்கொண்டிருக்கும் அத்தனை பேருடைய படத்திலும் கோடு விழும். முறையாகப் பேச ஆசையிருந்தால் மத்திய அரசு நடத்தும் அமெச்சூர் வானொலித் தேர்வை எழுதலாம். 12 வயது நிறைந்தால் போதும். வானொலியின் அடிப்படை, விதிமுறைகள், உயர்நிலைக்குப் போனால் மோர்ஸ் தந்தி முறை ஆகியவற்றில் கேள்வி வரும். தேறியவருக்கு 'வி.யு.' என்ற எழுத்துகளில் தொடங்கும் அழைப்புக் குறியீடு தருவார்கள். உலகத்தில் வேறு யாருக்கும் அந்தக் குறியீடு இராது.

அறிவிப்பு வரும் வரை சும்மா இருக்க வேண்டுமா? வேண்டாம். இன்றே வகுப்பறையில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. படத்தை ஒலியாக்கும் செயலியை ஒரு செல்போனிலும், ஒலியைப் படமாக்கும் 'ரோபோட் 36' என்ற செயலியை இன்னொரு செல்போனிலும் ஆசிரியரின் அனுமதியோடு போட்டுக்கொள்ளுங்கள். முதல் போனில் உங்கள் பள்ளியின் படத்தை ஒலிக்கவிட்டு, இரண்டாவது போனை ஓரடி தூரத்தில் வையுங்கள். படம் தெளிவாக வரும். பிறகு ஐந்தடி, பத்தடி, அறையின் மறுகோடி என்று விலக்கிக்கொண்டே போங்கள். படத்தில் மணல் தூவ ஆரம்பிக்கும். நடுவே ஒருவர் கைதட்டட்டும். படத்தில் எந்த வரியில் அடி விழுகிறது என்று பாருங்கள். மின்விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் தூரம், நேரம், என்ன இரைச்சல் இருந்தது என்பதை எழுதி, ஒரு நோட்டில் ஒட்டி வையுங்கள். விண்வெளி நிலையத்தின் படம் வரும் நாளில், அதில் விழும் ஒவ்வொரு கோடும் எதனால் விழுந்தது என்று அந்த நோட்டைப் பார்த்தே சொல்லலாம்.